கருவாட்டுத் தட்டு

ஒரு மனிதரின் பிழைப்பில் நான் மண்ணை அள்ளிப் போட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தே போட்டேன். போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வயிறு நிறையச் சாப்பிடவும் செய்தேன்.

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியாது. என் தங்கை கவிதாவுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல... மன்னிக்க நீங்கள் யார்? கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் புனிதா. வயது முப்பத்தெட்டு. குழந்தையில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போயின. பொம்மனஹள்ளியில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் அம்மாவோடும் கவிதாவோடும் வாடகைக்கு இருந்தேன். இப்போது அம்மாவும் நானும் மட்டும். பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். என்ன வேலை தெரியுமா? சிரிக்காதீர்கள். ஒரு கம்பெனிக்கு வருகிற வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.' நாள் முழுக்க இப்படி மனமார வருந்துகிறவள் நான்!

அந்த வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். எந்தப் புகார் குப்பைக்குப் போகும், எந்தப் புகார் மேலதிகாரியின் மேசை வரைக்கும் ஓடும் என்பது படித்த உடனே எனக்குத் தெரிந்துவிடும். நான் செய்த காரியத்துக்கு ஆயுதம் அங்கிருந்துதான் கிடைத்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கவிதாவைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. முதலில் வெளியே எங்காவது சந்திப்போம், சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். பையனின் அம்மா ஏதோ விரதத்தில் இருந்தார். அதனால் சைவ ஹோட்டலாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ஓசூர் ரோட்டிலேயே பெரிதாக, கண்ணாடிக் கதவும் பச்சை போர்டுமாக ஒன்று இருந்தது. கவிதா போன் செய்து கேட்டாள்: அக்கா வீல்சேரில் வருவாள், படி இருக்கிறதா? ஒரே ஒரு படிதான் மேடம், ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார்கள்.

போய்ப் பார்த்தால் ஐந்து படி. வழவழவென்று கிரானைட்டில், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லாமல் ஐந்து படி! நடக்கிறவர்களிடம் படிக்கணக்கு கேட்கவே கூடாது. அவர்களுக்கு ஐந்தும் ஒன்றுதான்.

அம்மாவும் கவிதாவும் ஆட்டோவில் கொண்டுவந்த என் மடக்கு நாற்காலியை விரித்து என்னை உட்கார வைத்துவிட்டு, அண்ணாந்து நின்றார்கள். கல்லாவில் இருந்த ஓனர் எழுந்து வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். என்னைப் பார்த்தார். என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம், இவங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள், பார்சல் கட்டி இங்கேயே கொண்டுவந்து தரச் சொல்கிறேன் என்றார். உபகாரம் செய்கிற குரல்!

அப்போதுதான் அவர் வந்தார். ஏழுமலை. மெரூன் சட்டை போட்ட சப்ளையர், ஐம்பதைத் தாண்டியவர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"பின்னாடி காய்கறி வண்டி ஏத்தறதுக்கு ஒரு சரிவு கீதும்மா. நான் தள்ளிக்கினு போறேன், நீ பயப்படாத குந்திக்கினு வா."

போனேன். வெங்காய மூட்டை, எண்ணெய் டின், ஈரத் தரை, பாத்திரம் கழுவுகிற தொட்டி, எல்லாவற்றையும் தாண்டி. மாப்பிள்ளை வீட்டார் முன்வாசல் வழியாக வந்து ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறைக் கதவு வழியாக, எச்சில் பக்கெட்டுகளோடு பக்கெட்டாக, அவர்கள் முன்னால் போய் இறங்கினேன். பையனின் அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லட்டுமா? வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

மேசைக்கு அடியில் என் நாற்காலி போகவில்லை. அதனால் ஒரு கை தூரம் தள்ளி, கை கழுவுகிற இடத்துக்குப் போகும் வழியில் உட்கார்ந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் "சைடு, சைடு" என்றான். இன்னொரு சப்ளையர் வந்து எல்லோரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டான். என்னிடம் வந்ததும் அம்மாவிடம் திரும்பி, "இவங்களுக்கு என்ன?" என்றான். எனக்குக் கால்தானே போனது... வாய் இருக்கிறதே!

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். நெய் ரோஸ்ட் மொறுமொறுவென்று பிரமாதமாக வந்தது. காபியும் அப்படித்தான். சாம்பாரில் மட்டும் வெல்லத்தை வாரி இறைத்திருந்தார்கள். பனீர் குழம்பு ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. நான் சொன்ன இட்லி வரவே இல்லை. ஏழுமலை மட்டும் இரண்டு தடவை வந்து, தன் பகுதி மேசை இல்லாவிட்டாலும், என் டம்ளர் எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். ஏன் என்று என்னைப் போன்றவர்களைக் கேளுங்கள். ஆனால் அன்று பையனின் அம்மா, குடிம்மா குடிம்மா என்று ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் ஜூஸை என் கையில் திணித்தார். மறுத்தால் கவிதாவுக்குக் குறை வந்துவிடுமோ என்று குடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. கழிவறை எங்கே? மாடியில்! திரும்பவும் ஏழுமலையைத்தான் கூப்பிட்டேன். தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் முகம் கூட மாறவில்லை.

பின்கட்டில் வேலைக்காரர்களுக்கு என்று ஒரு கழிவறை இருந்தது. தரையோடு தரையாக, படி இல்லாமல். என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் நான்கு பக்கெட் தண்ணீர் ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்து, ஒரு பழைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் போய் நின்றார். அன்று அந்த ஹோட்டலில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது ஒரு வாசனை. அரை நொடி கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டேன். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு! சுவரோரம் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அடுப்பில் சட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியக் கூட்டம் குறைந்ததும் வேலையாட்கள் இங்கே தங்களுக்கென்று எதையாவது செய்துகொள்வார்களாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம், ஓனருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார் என்று ஏழுமலை சொன்னார். "தனி அடுப்பு, தனிச் சட்டிம்மா. இது உள்ள போவாது, அது இங்க வராது." நான் போனை எடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது, சமையலறைக் கதவருகில் ஓனர் நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் எனக்கும் நடுவில். ஏழுமலையைப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினார். பிறகு எங்கள் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று தமிழில் சொன்னார்.

"எத்தனை வாட்டி உள்ளயும் வெளியயும் தள்றது? இந்த மாதிரி இருக்கறவங்க வீட்லயே வாங்கிச் சாப்ட்டா அவங்களுக்கும் சவுகரியம், நமக்கும் சவுகரியம்."

பையனின் அம்மா மெல்லத் தலையாட்டி, "அதுவும் சரிதான்" என்றார். என் அம்மா தட்டைப் பார்த்தாள். கவிதா என்னைப் பார்த்தாள், கண்ணாலேயே கெஞ்சினாள். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! கவிதாவின் கல்யாணத்துக்காக அந்த வார்த்தையை விழுங்கினேன்.

மறுநாள் திங்கட்கிழமை, அலுவலகத்தில் உட்கார்ந்து என் சொந்தப் பெயரில் அந்த ஹோட்டலைப் பற்றி இணையத்தில் எழுதினேன். ஐந்து படி, மாடியில் கழிவறை, சமையலறை வழிப் பயணம், ஓனர் பேசிய பேச்சு, ஒன்று விடாமல். ஏழுமலையின் உதவியைக் கூட நன்றியோடு குறிப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.'

என்னிடமே! அந்த வாக்கியத்தை விற்றுப் பிழைக்கிறவளிடமே!

குப்பைக்குப் போய்விட்டது என்று புரிந்தது. ஒரு நொண்டியின் அவமானம் யாருடைய மேசைக்கும் ஓடாது. எது ஓடும்? இந்த ஊரில், இந்த ரோட்டில், பச்சை போர்டு போட்ட ஹோட்டலில், எது ஓடும்? எனக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை.

பொய்ப் பெயரில் ஒரு கணக்கு திறந்தேன். போனில் இருந்த படத்தை எடுத்தேன். அதில் தகரக் கூரை தெரிந்தது, தனி அடுப்பு தெரிந்தது, வெட்டி எறிந்தேன். மிச்சம் இருந்தது ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டின் விளிம்பில் ஹோட்டலின் பெயர் பொறித்திருந்தது. தட்டில் கருவாடு. கீழே எழுதினேன்: 'ப்யூர் வெஜ் என்று போர்டு. உள்ளே இதுதான் நடக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அப்புறம்தான் அந்த மதியச் சாப்பாடு. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம். நன்றாக இருந்தது.

என் கணக்கு தப்பவில்லை. அபார்ட்மெண்ட் குழுக்கள் எல்லாவற்றிலும் அந்தப் படம் சுற்றியது. புதன்கிழமை ஹோட்டல் முன்னால் ஆட்கள் கூடிச் சத்தம் போட்டார்களாம். அன்று சாயங்காலம் எங்கள் மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மா எனக்கே அதை அனுப்பி, 'பாத்தியா புனிதா, யாரத்தான் நம்பறது' என்று எழுதியிருந்தார். அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் அவர் எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார். எங்கள் கருவாடு ஃப்ரிட்ஜில் மூன்று மூடி போட்ட டப்பாவுக்குள் இருக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுப்போம், வறுத்ததும் சாம்பிராணி போடுவோம். ஒன்பது வருடமாக இப்படித்தான். நான் அவருக்கு என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? 'சே! இவங்களையெல்லாம் சும்மா விடக்கூடாது ஆன்ட்டி.'

இதை எழுதும்போது கூட என் முகம் எரிகிறது.

வெள்ளிக்கிழமை ஓனர் ஒரு வீடியோ வெளியிட்டார். வியர்த்து வழிந்து, கைகூப்பி, வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஐயோ, எத்தனை இனிப்பாக இருந்தது எனக்கு! அந்த வியர்வையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். வீட்டிலேயே வாங்கிச் சாப்பிடச் சொன்னாயே... வா, இப்போது கும்பிடு! நன்றாகக் கும்பிடு!

ஐந்தாவது தடவை பார்க்கும்போதுதான் ஓனருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரைக் கவனித்தேன். மெரூன் சட்டை இல்லை. கட்டம் போட்ட சொந்தச் சட்டை. தனக்கு எதுவுமே தெரியாது, பின்கட்டில் இப்படி நடப்பதைக் கனவில் கூட நினைத்ததில்லை என்று ஓனர் கூசாமல் சொன்னார். ஹோட்டல் தட்டிலேயே இந்தக் காரியத்தைச் செய்தவன் இவன்தான், வேலையை விட்டு நீக்கிவிட்டேன் என்று கை காட்டினார். ஏழுமலை கேமராவைப் பார்த்து, "நான்தாங்க செஞ்சேன். மன்னிச்சிக்கங்க" என்றார்.

ஹோட்டல் தட்டு...

இங்கே ஒன்றை நான் உங்களிடமும் மறைத்துவிட்டேன். ஒப்புக்கொள்ள வந்தவளே மறைத்தால் எப்படி? சொல்லிவிடுகிறேன்.

அவர் எப்போதும் சாப்பிடுவது நசுங்கிய ஒரு அலுமினியத் தட்டில். பின்கட்டில் அதைத்தான் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த எவர்சில்வர் தட்டு எனக்காக வந்தது. உள்ளே எனக்கு இட்லி வராததைக் கவனித்திருக்கிறார். "மூஞ்சிலயே பசி தெரியுதும்மா. ஒரு வாய் சாப்ட்றியா? நம்ம ஊட்டு சாப்பாடு மாதிரி இருக்கும்" என்றார். சாப்பிடுகிறேன் என்றதும் உள்ளே போய், புதுத் தட்டாகப் பார்த்து எடுத்து, இரண்டு தடவை கழுவி, வேட்டியில் துடைக்காமல் உதறிக் காய வைத்து, சோறும் தொக்கும் வைத்து என் மடியில் கொடுத்தார். விருந்தாளிக்கு நசுங்கின தட்டில் போடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

நான் சாப்பிட்டேன். வழித்துச் சாப்பிட்டேன். அந்த ஹோட்டலில் அன்று நான் சாப்பிட்டதிலேயே ருசியானது அதுதான். சாப்பிடுவதற்கு முன்னால், உள்ளே ஆறின பனீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கவிதாவுக்கு அனுப்பி வெறுப்பேற்றத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். அதற்காகத்தான் எடுத்தேன், சத்தியமாக!

தனி அடுப்பு, தனிச் சட்டி என்று அவர் வாதாடியிருக்கலாம். ஆனால் தட்டுக்கு என்ன பதில் சொல்வார்? யாருக்காக அந்தத் தட்டை எடுத்தாய் என்று கேட்டிருப்பார்களே... என் பெயரைச் சொல்லியிருக்கலாமே. அவர் முன்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதானே! ஏன் சொல்லவில்லை? கஸ்டமருக்குக் கருவாடு போட்டாயா என்று இன்னும் மோசமாகிவிடும் என்று பயந்தாரா? இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா? இரண்டு வருடமாக நான் முதல் காரணத்தை நம்பப் பார்க்கிறேன். முடியவில்லை.

நீங்கள் கேட்கலாம், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. படத்தை அன்றே அழித்தேன். அழித்து என்ன பயன்? அது ஊரெல்லாம் போய்விட்டது. ஓனரிடம் போய் நான்தான் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவிதாவின் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிடுவார். தரைத்தளத்தில் வேறு வீடு கிடைக்காது. இதெல்லாம் காரணங்களா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும்.

கதை இதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. கெட்ட பெயரைக் கழுவ ஓனர் ஹோட்டலைப் புதுப்பித்தார். முன்வாசலில் கம்பி வைத்த சாய்தளம். கீழ்த்தளத்திலேயே அகலமான கழிவறை. முதலில் சொந்தப் பெயரில் எழுதியிருந்தேனே, அதற்குக் கீழே நீளமாகப் பதில் எழுதி, உங்களால்தான் இந்த மாற்றம், குடும்பத்தோடு வாருங்கள் என்று என்னை அழைத்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகள் ஒற்றை ஆளாகச் சண்டை போட்டுச் சாதித்தாள் என்று தெரு முழுக்கச் சொன்னாள்!

போனேன். யாரும் தள்ளாமல் நானே சாய்தளத்தில் ஏறினேன். ஓனர் எழுந்து நின்று வணங்கினார். மேசை பொருந்தியது, இட்லி வந்தது, சப்ளையர் என்னைப் பார்த்தே என்ன வேண்டும் என்று கேட்டான். நான் கேட்ட எல்லாமே அங்கே இருந்தன. பின்கட்டுக்குப் போகிற கதவில் மட்டும் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அந்த ஓனர் மீது எனக்கு இன்றைக்கும் இரக்கம் கிடையாது. அவர் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார், முன்பை விடக் கூட்டம் அதிகம். என் அடி அவர் மேல் படவே இல்லை.

ஏழுமலையைப் பற்றிச் சப்ளையரிடம் கேட்டேன். வேலையோடு மாடியில் தங்கியிருந்த இடமும் போய்விட்டது என்றான். எந்த சைவ ஹோட்டலிலும் அவரைச் சேர்க்கவில்லையாம், வீடியோ எல்லோரிடமும் இருந்ததாம். இப்போது எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். அவருடைய போன் எண்ணை ஒரு டிஷ்யூ காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்.

அந்தக் காகிதத்தை நான்கு மாதம் பையில் வைத்திருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, போன் போட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கூட வைத்திருந்தேன்.

"ண்ணா... நான் புனிதா. ஹோட்டலுக்கு வீல்சேர்ல வந்தேனே..."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது.

"தெரியுதும்மா. சொல்லு."

எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் வருந்துகிறேன் என்று ஆரம்பித்திருந்தது. தினமும் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புகிற அதே வார்த்தை! எழுதியதைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அவரே பேசினார். குரலில் கோபமில்லை, சத்தியமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறம்மா. நீ சாப்ட்டியே அன்னிக்கி... நல்லா இல்லியா அது?"

நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. வாய் வரவில்லை. கேட்டில் யாரோ ஹாரன் அடித்தார்கள். வைக்கிறேன்ம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். அம்மா அடுப்படியில் நெத்திலியை அலசிக்கொண்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சாத்திக்கொண்டிருக்கிறேன்.